சீனத்து ஊசியோடு ரத்தப் பரிசோதனையும் வரட்டும்

திண்டுக்கல் நகரிலும் சின்னாளபட்டி, நிலக்கோட்டை, வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், பழனி வட்டாரங்களிலும் அக்குபஞ்சர் சிகிச்சை தருவோருக்கும், அதோடு மூலிகை மருந்து கொடுப்போருக்கும் எழுதும் மடல்.

தைராய்டு சுரப்பி தேவைக்கு மேல் சுரக்கும் நோயைச் சீன மரபு மருத்துவம் தனி நோயாகப் பிரித்து வைத்ததில்லை. கழுத்தின் முன்பக்கம் வீங்கும் நோய்களை எல்லாம் 'யிங்' என்ற ஒரே தலைப்பில் அடக்கியது. படபடப்பு, கைநடுக்கம், ஓயாத வியர்வை, நன்றாகச் சாப்பிட்டும் உடல் இளைப்பது, விழி பிதுங்குவது ஆகிய குறிகளை அந்தத் தலைப்பிலும் அதையொட்டிய வேறு சில தலைப்புகளிலும் விவரித்தது. நீங்கள் கற்ற கலை இந்த மரபிலிருந்து வந்தது. அதில் எது நம்பத்தக்கது, எது ஆபத்தானது, அந்தக் கலையின் தாயகமான சீனாவிலேயே அதனுடன் சேர்ந்து நடப்பது எது என்பவற்றை வரிசையாக உங்கள் முன் வைத்து, முடிவில் ஒரு வேண்டுகோள் விடுப்பதே இதன் நோக்கம்.

இந்த நோய்க்குச் சீன மருத்துவம் சொல்லும் காரணம் மனத்திலிருந்து தொடங்குகிறது. நெடுநாள் கோபம், அடக்கி வைத்த துக்கம், தீராத கவலை ஆகியவை கல்லீரலுக்குரிய உயிராற்றலின் ஓட்டத்தைத் தேங்கச் செய்கின்றன. தேங்கிய இடத்தில் கபம் திரள்கிறது. அது கழுத்தில் கட்டியாக நிற்கிறது. தேக்கம் நீடித்தால் நெருப்பாக மாறுகிறது. கல்லீரல் நெருப்பு மேலேறிக் கண்ணைத் தாக்கினால் விழி பிதுங்குகிறது, முகம் சிவக்கிறது, எதற்கெடுத்தாலும் எரிச்சல் வருகிறது. வயிற்றைத் தாக்கினால் பசி அடங்குவதில்லை, ஆனால் உடம்பில் சதை ஒட்டுவதில்லை. இதயத்தைத் தாக்கினால் தூக்கம் போகிறது, நெஞ்சு படபடக்கிறது. கடைசியில் அந்த நெருப்பு உடலின் குளிர்ச்சியும் ஈரமுமான 'யின்' தன்மையைத் தின்று தீர்க்கிறது. அப்போது நாக்கு சிவந்து, மேற்படிவு குறைந்து, நாடி மெலிந்து விரைவாக ஓடுகிறது. சோர்வும் கைநடுக்கமும் மிஞ்சுகின்றன.

சிகிச்சையும் இதே படிநிலைகளைப் பின்பற்றுகிறது. தொடக்கத்தில் கல்லீரலின் தேக்கத்தைக் கலைத்துக் கபத்தைக் கரைப்பது, நடுவில் நெருப்பைத் தணிப்பது, பிற்பகுதியில் இழந்த யின்னை மீட்டு இதயத்தையும் சிறுநீரகத்தையும் தேற்றுவது என்பது வழக்கம். பாதத்தில் தாய்ச்சோங், மணிக்கட்டில் நெய்குவானும் ஷென்மென்னும், கணுக்காலுக்கு மேல் சான்யின்ஜியாவ் ஆகிய புள்ளிகள் இதற்காகத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. இந்தப் பெயர்கள் உங்களுக்குப் புதியவை அல்ல.

இந்த விவரிப்பில் கூர்மையான கவனிப்பு இருக்கிறது. பசி மிகுந்தும் இளைப்பது, எரிச்சலும் கண்ணும் கழுத்தும் ஒரே நோயின் முகங்கள் என்று கண்டது, மனவேதனைக்குப் பின் நோய் தலைகாட்டுவதைக் குறித்து வைத்தது ஆகியவை பல நூற்றாண்டு அனுபவத்தின் சேமிப்பு. கடுமையான மன அழுத்தத்துக்குப் பின் இந்த நோய் சிலரிடம் வெளிப்படுவதை இன்றைய மருத்துவமும் பதிவு செய்திருக்கிறது. ஆனால் கவனிப்பு சரியாக இருந்தால் அதன் மேல் கட்டிய காரணமும் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. சிகிச்சை சரியாக இருக்கும் என்பது அதைவிடவும் தொலைவு.

அதற்கு அந்த மரபின் வரலாற்றிலேயே சான்று உண்டு. 4ஆம் நூற்றாண்டில் கே ஹோங் என்ற சீன மருத்துவர் கழுத்து வீக்கத்துக்குக் கடற்பாசியை மதுவில் ஊறவைத்துக் கொடுக்கச் சொன்னார். 7ஆம் நூற்றாண்டில் சுன் சிமியாவ் ஆடு முதலிய விலங்குகளின் தைராய்டு சுரப்பியையே மருந்தாக்கினார். 1617இல் சென் ஷிகோங் எழுதிய அறுவை மருத்துவ நூலில் மூன்று வகைக் கடற்பாசிகள் சேர்ந்த கஷாயம் ஒன்று இடம்பெற்றது. அது இன்றும் வழக்கில் இருக்கிறது. அயோடின் பற்றாக்குறையால் வரும் கழுத்து வீக்கத்துக்கு இவை உண்மையிலேயே பலன் தந்தன. 1811இல் பெர்னார் கூர்த்துவா என்ற பிரெஞ்சு வேதியியலாளர் கடற்பாசிச் சாம்பலிலிருந்துதான் அயோடினைக் கண்டுபிடித்தார். 1820இல் ஜெனீவாவில் குவாந்தே என்ற மருத்துவர் கழுத்து வீக்கத்துக்கு அயோடினைக் கொடுக்கத் தொடங்கினார். பலருக்குக் கட்டி கரைந்தது. சிலருக்கு மட்டும் நெஞ்சு படபடத்தது, உடல் இளைத்தது, கை நடுங்கியது. கழுத்து வீக்கம் என்பது ஒரே நோய் அல்ல என்பதன் தொடக்ககால எச்சரிக்கைகளில் அது ஒன்று.

தைராய்டு சுரப்பி ஹார்மோன் செய்வதற்கு மூலப்பொருள் அயோடின். பெரியவருக்கு ஒரு நாளைக்குத் தேவை 150 மைக்ரோகிராம். உலர்ந்த கெல்ப் வகைக் கடற்பாசியில் ஒரு கிராமிலேயே ஆயிரம் மைக்ரோகிராமைத் தாண்டி அயோடின் இருக்கக்கூடும். சுரப்பு மிகுந்தவரின் கையில் இது விழுந்தால் நடப்பது விசித்திரமானது. திடீரென்று அயோடின் பெருகினால் சுரப்பி சில நாட்களுக்குச் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். 1923இல் பிளம்மர் என்ற அமெரிக்க மருத்துவர் அறுவை சிகிச்சைக்கு முன் அயோடின் கொடுத்து வெற்றி கண்டது இதனால்தான். ஆனால் அந்தத் தடை சில வாரங்களில் உடைந்துவிடும். உள்ளே போன அயோடினைக் கொண்டு சுரப்பி மேலும் ஹார்மோன் செய்யும். முதல் பத்து நாளில் நன்றாக இருப்பதாகச் சொன்னவர் அதன்பின் முன்னைவிட மோசமாகலாம். உங்கள் மருந்து வேலை செய்தது என்று நீங்கள் எண்ணும் நேரமே ஆபத்து சேரும் நேரமாக இருக்கலாம்.

அடுத்தது, குறிகளை மட்டும் வைத்துச் சொல்ல முடியாத வேறுபாடுகள். தைராய்டு ஹார்மோன் ரத்தத்தில் கூடுவதற்குக் காரணம் பல. உடலின் எதிர்ப்பணுப் புரதங்கள் சுரப்பியை ஓயாமல் தூண்டுவது ஒன்று. 1835இல் ராபர்ட் கிரேவ்ஸும் 1840இல் கார்ல் பாசெடோவும் விவரித்த இந்த நோய் கிரேவ்ஸ் நோய் எனப்படுகிறது. சுரப்பியில் தோன்றிய கட்டி தன்னிச்சையாகச் சுரப்பது இன்னொன்று. சுரப்பி அழற்சி கண்டு, சேமித்து வைத்த ஹார்மோன் கசிவது மூன்றாவது. பிரசவமான சில மாதங்களில் பெண்களுக்கு வருவது பெரும்பாலும் இந்த மூன்றாவது வகை. படபடப்பும் இளைப்பும் மூன்றிலும் ஒன்றே. நாடியும் மூன்றிலும் விரைவாகத்தான் ஓடும். ஆனால் சிகிச்சை மூன்றுக்கும் வேறு வேறு.

மூன்றாவது வகை, சிகிச்சை ஏதும் இல்லாமலே இரண்டு மூன்று மாதங்களில் தணிந்துவிடும். அந்த மாதங்களில் உங்களிடம் வந்தவர் குணமாகி எழுந்து போவார். ஊசிதான் குணப்படுத்தியது என்று அவரும் நம்புவார், நீங்களும் நம்புவீர்கள். அந்த நம்பிக்கையோடு அடுத்து வரும் கிரேவ்ஸ் நோயாளியிடம் மாத்திரையை நிறுத்தச் சொன்னால் விளைவு வேறாக இருக்கும்.

இந்த மாவட்டத்தில் அந்தக் குழப்பத்துக்கு இன்னும் இடம் அதிகம். "தைராய்டு இருக்கு" என்றுதான் வருகிறவர்கள் சொல்கிறார்கள். கூடுதலா, குறைவா என்பது பலருக்குத் தெரியாது. சித்திரை வெயிலில் நிலக்கோட்டையில் பூப்பறிக்கும் பெண்ணுக்கும், வேடசந்தூரில் நூற்பாலையில் இரவு ஷிப்ட் பார்க்கும் பெண்ணுக்கும் வியர்வையும் படபடப்பும் தூக்கமின்மையும் வேலையின் பகுதியாகவே தோன்றும். "உடம்புச் சூடு", "பித்தம்" என்று வீட்டில் சொல்லி முடித்துவிடுவார்கள். இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களிடம் பல மடங்கு அதிகம். கொச்சியில் மக்களிடையே நடத்திய ஆய்வில் 1.3 சதவீதம் பேருக்கு வெளிப்படையான தைராய்டு மிகைச்சுரப்பு இருந்தது. இந்த நோய் உள்ளவர்கள் கடைசியாக வந்து சேரும் இடங்களில் ஒன்று உங்கள் அறை.

அவர்கள் ஏன் உங்களிடம் வருகிறார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. கூட்டம் நிறைந்த புறநோயாளிப் பிரிவில் ஒருவருக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். அங்கே ரிப்போர்ட்டைப் பார்க்கிறார்கள், முகத்தைப் பார்க்க நேரமில்லை. நீங்கள் நாடி பிடிக்கிறீர்கள். தூக்கம் வருகிறதா, வீட்டில் என்ன பிரச்சினை, மாதவிலக்கு சரியாக வருகிறதா என்று கேட்கிறீர்கள். மாத்திரை எதற்கு, எத்தனை நாளைக்கு என்று அங்கே யாரும் சொல்லாததால் "ஆயுசுக்கும் மாத்திரையா" என்ற பயத்தோடு வருகிறார்கள். அந்தக் குறை மருத்துவமனைகளுடையது. அதை அவர்கள்தான் சரிசெய்ய வேண்டும். ஆனால் அந்தப் பயத்தைப் போக்கும் உண்மையை நீங்களே சொல்ல முடியும். சுரப்பு குறைந்தவர்களுக்குத்தான் மாத்திரை பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் தேவைப்படுகிறது. கிரேவ்ஸ் நோய்க்குச் சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரை வழக்கமாக 12 முதல் 18 மாதம் கொடுக்கப்படுகிறது. அதன்பின் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு நோய் திரும்புவதில்லை. திரும்பினால் கதிரியக்க அயோடினும் அறுவை சிகிச்சையும் இருக்கின்றன.

மாத்திரையை இடையில் நிறுத்தினால் நடப்பதைக் கவனியுங்கள். தைராக்சின் ஹார்மோன் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 7 நாள் ஆகும். அதேபோல் அது மறுபடி ஏறுவதும் மெதுவாகத்தான் நடக்கும். அதனால் மாத்திரையை விட்ட முதல் வாரத்தில் நோயாளிக்கு ஒன்றும் தெரியாது. சில வாரங்களில் இதயத் துடிப்பு தாளம் தப்பலாம். தாளம் தப்பிய இதயத்தில் ரத்தம் உறைந்து, அது மூளைக்குப் போனால் பக்கவாதம். எலும்பு மெலிவது கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். தொற்றோ பிரசவமோ அறுவை சிகிச்சையோ அந்த நேரத்தில் வந்தால் கடும் காய்ச்சல், மனக்குழப்பம், வாந்தி, பேதி என்று தைராய்டு புயல் மூளலாம். தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தாலும் பத்தில் ஒருவரையாவது பறிக்கக்கூடிய நிலை அது.

இங்கேதான் தமிழ்நாட்டில் பரவியுள்ள ஒரு போதனை உயிருக்கே ஊறு செய்கிறது. காய்ச்சல் உடலின் கழிவு நீக்கம், பேதி கழிவு நீக்கம், இளைப்பது கெட்ட சதை கரைவது, ஆகவே எதையும் தடுக்கக் கூடாது, எதையும் சோதித்துப் பார்க்கவும் கூடாது என்பது அந்தப் போதனை. சுரப்பு மிகுந்தவருக்குப் பேதியும் இளைப்பும் நோய் முற்றுவதன் அடையாளம். காய்ச்சல் புயலின் தொடக்கமாக இருக்கலாம். கார்பிமசோல் சாப்பிடுகிறவருக்குக் காய்ச்சலும் தொண்டைப்புண்ணும் சேர்ந்து வந்தால் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு. ஆயிரத்தில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு, பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில், இந்த மருந்து ரத்த வெள்ளணுக்களை அபாயகரமாகக் குறைத்துவிடும். அன்றே மாத்திரையை நிறுத்தி, அன்றே ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். மாத்திரையைத் தாமதமின்றி நிறுத்த வேண்டிய நேரம் அது. அப்போதும் நிறுத்தச் சொல்பவர் உடனே மருத்துவமனைக்கு அனுப்புபவராக இருக்க வேண்டும். காய்ச்சல் நல்லது என்று சொல்லி மூன்று நாள் உபவாசத்தில் வைத்தால் அந்த மூன்று நாளும் திரும்ப வராது.

இந்தப் போதனை சீனாவின் போதனை அல்ல என்பதை நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். சீனாவின் மரபு மருத்துவப் பல்கலைக்கழகங்களில் மாணவர்கள் உடற்கூறும் நோயியலும் படிக்கிறார்கள். அங்குள்ள மரபு மருத்துவமனைகளில் தைராய்டு மிகைச்சுரப்பு ரத்தத்தில் உள்ள டிஎஸ்எச், டி3, டி4 ஹார்மோன் அளவுகளைக் கொண்டே உறுதி செய்யப்படுகிறது. மூலிகையும் ஊசியும் பெரும்பாலும் மெத்திமசோல் மாத்திரையோடு சேர்த்தே தரப்படுகின்றன. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரன் குழு சீன மூலிகைகள் பற்றி 2007இல் வெளியிட்ட மதிப்பாய்வு 13 ஆய்வுகளையும், அவற்றில் சேர்ந்த 1,770 பேரையும் கணக்கில் எடுத்தது. மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தபோது பக்கவிளைவுகளும் நோய் திரும்புவதும் குறையலாம் என்று அது சொன்னது. ஆனால் அந்த 13 ஆய்வுகளும் தரத்தில் தாழ்ந்தவை என்றும், எந்த மூலிகையையும் பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்று இல்லை என்றும் அதுவே சொன்னது. சீன மருத்துவத்துக்குச் சாதகமாகக் கிடைக்கும் சான்றும் மாத்திரைக்குத் துணையாக நிற்பது பற்றியதே.

இந்தியாவுக்கு அக்குபஞ்சர் வந்த வழியும் இதையே சொல்கிறது. 1938இல் சீனாவுக்குப் போன இந்திய மருத்துவக் குழுவின் ஐவரில் துவாரகாநாத் கோட்னிஸ் அங்கேயே உயிர்நீத்தார். அதே குழுவில் இருந்த பிஜய் குமார் பாசு பின்னாளில் மறுபடி சீனா சென்று அக்குபஞ்சர் கற்று, 1959இல் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். அவர் நவீன மருத்துவம் படித்த மருத்துவர். ஊசியைக் கையில் எடுத்ததற்காக அவர் ஸ்டெதஸ்கோப்பைக் கீழே வைத்துவிடவில்லை. 2019இல் மத்திய அரசு அக்குபஞ்சரைத் தனிச் சிகிச்சை முறையாக அங்கீகரித்தது. அங்கீகாரத்தோடு பொறுப்பும் வந்திருக்கிறது. சித்தர் போகர் சீனதேசம் போய் வந்தவர் என்ற மரபுக்கதையைப் பழனி மலை அடிவாரத்தில் இன்றும் சொல்கிறார்கள். சீனத்திலிருந்து வரும் அறிவை ஏற்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. ஏற்பதைப் பாதியாக ஏற்பதுதான் கேடு.

மூலிகை கொடுப்போர் தனியாகக் கவனிக்க வேண்டியவை சில. கடற்பாசியும் அயோடின் சேர்ந்த சத்துப்பொடிகளும் சுரப்பு மிகுந்தவருக்குக் கூடாது. உடல் தேற நாட்டு மருந்துக் கடையில் வாங்கிக் கொடுக்கப்படும் அமுக்கராக் கிழங்கு தைராய்டு ஹார்மோனை உயர்த்துவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதைச் சாப்பிட்டபின் மிகைச்சுரப்பு வந்தவர்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். இளைத்தவரைத் தேற்றக் கொடுத்தது அவரை மேலும் இளைக்கச் செய்யலாம். 2002இல் ஜப்பானில் சீன மூலிகை என்று விற்ற உடல் இளைப்பு மாத்திரைகளில் தைராய்டு ஹார்மோனும் வேறு ரசாயனமும் கலந்திருந்தது தெரியவந்தது. பலருக்குக் கல்லீரல் கெட்டது, சிலர் இறந்தார்கள். உள்ளே இருப்பது என்ன என்று எழுதப்படாத பொட்டலத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள். முடி உதிர்வுக்குச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை தைராய்டு பரிசோதனை முடிவையே பொய்யாக்கும். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாளாவது முன்பே அதை நிறுத்தச் சொல்லுங்கள்.

கண் பிதுங்கியவருக்கு ஒரு அறிவுரை மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்: புகையை விட வேண்டும். புகைப்பவருக்குக் கிரேவ்ஸ் கண்நோய் அடிக்கடி வருகிறது, கடுமையாகவும் இருக்கிறது. புகையிலை விளையும், சுருட்டுக்குப் பெயர்பெற்ற மாவட்டத்தில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. பார்வை மங்கினாலும் இமை மூட முடியாமல் போனாலும் கண் மருத்துவரிடம் உடனே அனுப்ப வேண்டும். கர்ப்பிணியையும் தாமதமின்றி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். முதல் மூன்று மாதங்களில் கார்பிமசோல் கருவைப் பாதிக்கக்கூடும் என்பது உண்மை. அதற்காக அவர் தானாக மாத்திரையை நிறுத்தினால் கருச்சிதைவும் குறைப்பிரசவமும் நேரலாம். வேறு மருந்துக்கு மாற்றுவதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

உங்கள் அறைக் கதவை மூடுங்கள் என்று இந்த மடல் கேட்கவில்லை. வேண்டுகோள் இதுதான். தைராய்டு என்று சொல்லி வருகிற யாரிடமும் டி3, டி4, டிஎஸ்எச் முடிவைப் பார்க்காமல் ஊசியைத் தொடாதீர்கள். முடிவு இல்லையென்றால் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, அவருக்கு அருகிலுள்ள மருத்துவமனைக்கோ ஒரு சீட்டு எழுதி அனுப்புங்கள். காய்ச்சலும் தொண்டைப்புண்ணும் சேர்ந்து வரும்போது கார்பிமசோலை நிறுத்துவது தவிர, அதையோ படபடப்பைத் தணிக்கும் புரோப்ரனலாலையோ நிறுத்தவும் குறைக்கவும் நீங்கள் சொல்லாதீர்கள். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் எழுதிக் கொடுத்த மருத்துவரின் பொறுப்பு. நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை வரும் முடிவை உங்கள் நோட்டில் நாடிக்குறிப்புக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். உங்கள் சிகிச்சை உண்மையில் என்ன செய்கிறது என்பது ஒரு வருடத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும். வீங்கிய சுரப்பியின் மேல் ஊசி குத்தாதீர்கள். ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போடாதீர்கள். காய்ச்சலும் தொண்டைப்புண்ணும், தாளம் தப்பிய நாடி, மனக்குழப்பம் ஆகிய மூன்றில் எது தெரிந்தாலும் அந்த நிமிடமே ஆட்டோ பிடித்து அனுப்புங்கள்.

தாளம் தப்பிய நாடியை முதலில் உணரப்போவது பல நேரம் உங்கள் விரல்களாகத்தான் இருக்கும். மருத்துவமனையில் யாருக்கும் இல்லாத நேரம் உங்களுக்கு இருக்கிறது. நோயாளியின் நம்பிக்கையும் உங்களிடம் இருக்கிறது. மாத்திரையை நிறுத்தச் சொல்லும் உங்கள் சொல்லை அவர் கேட்பார் என்றால், மாத்திரையைத் தவறாமல் சாப்பிடச் சொல்லும் சொல்லையும் கேட்பார். அந்தச் சொல்லை இன்றிலிருந்து சொல்லுங்கள்.